நேற்று வரை நன்றாக இருந்த கேக்டஸ் நாற்றுகள் இன்று சரிந்து கிடக்கின்றன, மீதியை எப்படிக் காப்பாற்றுவது?

சிறுமுள்:

வணக்கம். விதை போட்டு வளர்த்த கேக்டஸ் நாற்றுகள் திடீர் திடீரென்று சாகின்றன. விவரமாகவே எழுதுகிறேன், ஏதாவது விட்டுப்போயிருந்தால் கேளுங்கள்.

ஒரே தட்டில் அஸ்ட்ரோஃபைட்டம், ஜிம்னோகேலிசியம், மாமில்லேரியா மூன்றையும் வரிசை வரிசையாக விதைத்தேன். கலவை பாதி கோகோபீட் (தென்னை நார்த்தூள்), மீதி பெர்லைட்டும் (பொரித்த எரிமலைக் கல் மணிகள்) சலித்த மணலும். மேலே தெளிவான பிளாஸ்டிக் மூடி. வீட்டுக்குள் எல்இடி விளக்கின் கீழ் இருக்கிறது, நேர்வெயில் படாது. மேல்பரப்பு காயக்கூடாது என்று படித்ததால் தினமும் மூடியைத் திறந்து ஸ்ப்ரேயரில் தண்ணீர் அடித்துவிட்டு மறுபடி மூடுவேன்.

முளைப்பு அருமையாக இருந்தது. அஸ்ட்ரோஃபைட்டம் போட்ட வேகத்தில் எழுந்துவிட்டது, மற்றவை கொஞ்சம் தாமதமாக வந்தன. இப்போது ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. போன வாரம் வரை எல்லாம் குண்டு குண்டாக, பச்சைப் பசேலென்று இருந்தன. ஒரு நாள் காலையில் பார்த்தால் மூலையில் இருந்த சில அஸ்ட்ரோஃபைட்டம் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கின்றன. மண்ணைத் தொடும் இடம் தண்ணீரில் ஊறிய காகிதம் போல நிறமிழந்து குழைந்திருந்தது, மேல் பாதி மட்டும் அப்போதும் பச்சைதான். மறுநாள் பக்கத்தில் இருந்தவையும் சாய்ந்தன. கையில் கார்பென்டசிம் என்ற பூஞ்சை மருந்து இருந்தது, கரைத்துத் தெளித்தேன், நிற்கவில்லை. இப்போது அந்த மூலையே வழுக்கையாகிவிட்டது.

தட்டின் இன்னொரு முனையில் மாமில்லேரியா வரிசையிலும் ஆங்காங்கே ஒன்றிரண்டு வாடிச் சுருங்குகின்றன. மேல்பரப்பில் பச்சைப் படலம் வேறு. மூடியைத் திறந்தால் பொடிப்பொடியாகக் கருப்பு ஈக்கள் சில பறக்கின்றன, அவை செடியை ஒன்றும் செய்யாது என்றுதான் படித்த நினைவு.

இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும். அப்புறம் அடுத்த முறை விதைக்கும்போது இது வராமல் இருக்க என்ன செய்வது?


மண்சட்டி:

மருந்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் மூடியைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக் காற்று போக விடுங்கள், ஸ்ப்ரேயரை எடுத்து ஒளித்து வையுங்கள்.

சாய்ந்தவற்றை மட்டும் பிடுங்கினால் போதாது. அவற்றைச் சுற்றி இரண்டு விரல்கடை அகலத்துக்குக் கலவையையும் கரண்டியால் அள்ளி வெளியே போட்டுவிடுங்கள், அதில் நல்ல நாற்றுகள் சில போனாலும் பரவாயில்லை. அந்த எல்லையில் நன்றாக இருப்பது போலத் தெரிபவைதான் நாளைக்குச் சாயப்போகின்றன. ட்வீசரையும் கரண்டியையும் ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நீங்களே தட்டு முழுக்கப் பரப்பிவிடுவீர்கள். நடுவில் இருக்கும் ஜிம்னோகேலிசியம் இன்னும் சுத்தமாக இருந்தால் அதை அடி மண்ணோடு அப்படியே அள்ளித் தனித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஒரு மாத நாற்றை வேரோடு பிடுங்கி நடுவது வேறு, கலவையோடு கட்டியாக நகர்த்துவது வேறு. இரண்டாவது அவ்வளவு அடிபடாது.

ஒரு கேள்வி. மாமில்லேரியா வரிசையில் சாகிறவை பக்கத்துப் பக்கத்தில் சாகின்றனவா, இல்லை சம்பந்தமில்லாமல் இங்கொன்று அங்கொன்றாகவா? வாடிய ஒன்றை மெல்ல இழுத்துப் பாருங்கள், வேரோடு வருகிறதா என்று சொல்லுங்கள்.


உருப்பெருக்கி:

மண்சட்டி கேட்டதுதான் சரியான கேள்வி. நாற்று திடீரென்று செத்தது என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் எந்த இடத்தில் தொடங்கியது, எந்த வரிசையில் போனது, அடியில் அழுகியதா உச்சியில் அழுகியதா என்று பார்த்தால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். மருந்து வாங்கும் காசில் முதலில் ஒரு லென்ஸ் வாங்குங்கள், பத்து மடங்கு பெரிதாக்கினால் போதும்.

ஒரு புள்ளியில் தொடங்கி வட்டமாக விரிந்தால் நாற்றழுகல். உங்கள் அஸ்ட்ரோஃபைட்டம் மூலை அச்சு அசலாக இதுதான். இதைச் செய்யும் ஆசாமி ஒருவர் இல்லை. பித்தியம், ரைசோக்டோனியா, ஃபியூசேரியம், சில சமயம் ஃபைட்டோப்தோரா என்று ஒரு கூட்டமே இருக்கிறது. இதில் பித்தியமும் ஃபைட்டோப்தோராவும் பார்ப்பதற்குப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் உண்மையில் பூஞ்சை இனமே இல்லை, ஊமைசீட் என்ற தனி வகை, உறவுமுறை பார்த்தால் பழுப்புக் கடற்பாசிகளுக்குத்தான் நெருக்கம். அவை விடும் வித்துகளுக்கு (ஸ்போர்களுக்கு) நீந்தத் தெரியும். மண் துகள்களுக்கு நடுவே நிற்கும் தண்ணீர்ப் படலத்தில் நீந்திப் போய் அடுத்த வேரைப் பிடித்துக்கொள்ளும். கார்பென்டசிம் இவற்றை ஒன்றும் செய்யாது, அது உண்மையான பூஞ்சைகளுக்கான மருந்து, அவற்றிலும் எல்லாவற்றுக்கும் கேட்காது. ஆக, மருந்து தெளித்தும் நிற்கவில்லை என்றால் பித்தியமாக இருக்கவே வாய்ப்பு அதிகம், தெளித்த தண்ணீர் அதற்கு நீச்சல் குளமாகிவிட்டது என்றும் வைத்துக்கொள்ளலாம். பித்தியம் வகையறாவுக்கு மெட்டலாக்சில் அல்லது ஃபோசெட்டைல் அலுமினியம் கேட்கும். எது என்று தெரியாத நிலையில் காப்டான் இரண்டு தரப்பையும் ஓரளவு அடக்கும். அளவு டப்பாவில் போட்டிருப்பதுதான், நாற்று சாகிறதே என்ற பதற்றத்தில் இரட்டிப்பாக ஊற்றாதீர்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ரைசோக்டோனியா நீந்தாது, இழை இழையாக ஊர்ந்து போகும். காலையில் விளக்குப் போடும் முன் டார்ச்சைத் தட்டின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு பெர்லைட் மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே சிலந்தி இழையை விட மெல்லியதாக, பழுப்பு கலந்த நிறத்தில் இழைகள் தெரிந்தால் அதுவாக இருக்கலாம். பளிச்சென்ற வெள்ளைப் பஞ்சு மாதிரி முளைக்காத விதை மேல் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் செத்த பொருளைத் தின்னும் சாதாரணப் பூசணம், விதையை எடுத்துப் போட்டால் போய்விடும். அதைப் பார்த்துப் பலர் பயந்து மருந்தாக ஊற்றுகிறார்கள்.

தட்டு முழுவதும், எல்லா இனமும் சேர்ந்து, ஒரே நாளில் கண்ணாடி மாதிரி குழைந்தால் நோயே இல்லை, வெந்துவிட்டது. மூடிய டப்பா மேல் கொஞ்ச நேரம் நேர்வெயில் பட்டால் போதும். பெரும்பாலான கேக்டஸ் விதைகள் முளைக்க 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வேண்டும், வெயிலில் மூடி போட்ட டப்பாவுக்குள் 50 டிகிரியைத் தாண்டிவிடக்கூடும். உங்களுடையது அப்படி இல்லை.

உச்சியிலோ பக்கத்திலோ பழுப்புத் திட்டு விழுந்து, இரண்டு மூன்று நாளில் உள்சதை எல்லாம் கரைந்து வெறும் தோல் மட்டும் நின்று, அதன் மேல் கரும்பழுப்புத் தூள் படிந்தால் அது பைபோலாரிஸ் என்ற பூஞ்சை. கேக்டஸ் வளர்ப்பவர்கள் நிஜமாகவே பயப்பட வேண்டியது இதற்குத்தான். பழைய புத்தகங்களில் ஹெல்மின்தோஸ்போரியம், ட்ரெக்ஸ்லெரா என்ற பெயர்களில் இருக்கும், எல்லாம் ஒன்றுதான். விதையோடேயே வரும். கதகதப்பும் மூடிய ஈரக் காற்றும் கிடைத்தால் தட்டையே காலி செய்துவிடும். இதற்கும் கார்பென்டசிம் கேட்காது, மான்கோசெப் அல்லது இப்ரோடையோன்தான். அந்தத் தூள் முழுக்க வித்துகள், ஊதிவிடாதீர்கள், தட்டைக் குலுக்காதீர்கள்.

இங்கொன்று அங்கொன்றாகச் செத்தால் புழுவைச் சந்தேகப்படுங்கள். அந்தக் கருப்பு ஈக்களைப் பற்றி நீங்கள் படித்தது பாதிதான் உண்மை, பறக்கிறது ஒன்றும் செய்யாது, அதன் குழந்தைகள் செய்யும்.

நோயே இல்லாத சாவும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். முளைக்கும்போதே மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ வந்த நாற்றில் பச்சையமே இருக்காது, விதையில் இருந்த சேமிப்பு தீர்ந்ததும் போய்விடும், அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். இன்னொன்று, வேர் மண்ணுக்குள் இறங்காமல் மேல்பரப்பில் படுத்தே கிடக்கும் நாற்று. அஸ்ட்ரோஃபைட்டத்தில் இது நிறையப் பார்க்கலாம், விதை பெரியது, வேர் வெளியே வரும் வேகத்தில் நாற்று தலைகீழாகக் கவிழ்ந்துவிடும். ஈரமாக மூடியிருக்கும் வரை உயிரோடு இருக்கும், மூடியைத் திறந்த அன்றே காயும். பல் குச்சியால் சின்னக் குழி போட்டு வேர் நுனியை அதற்குள் இறக்கிவிட்டு இரண்டு மணல் துகளை முட்டுக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும்.


வடிகால்:

உருப்பெருக்கி சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் எந்த மருந்து என்று பேசத் தொடங்கினாலே பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. வந்த பிறகு மருந்து கொடுத்துக் காப்பாற்றிய நாற்றுகளை விட வராமல் தடுத்துக் காப்பாற்றியவைதான் எப்போதும் அதிகம்.

சிறுமுள், உங்கள் தட்டில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான், தினமும் திறந்து தண்ணீர் அடித்து மறுபடி மூடியது. விதைப்பில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கலவை, தொட்டி, விதை, தண்ணீர் எல்லாவற்றையும் கிருமி நீக்கி, காற்றுப் புகாமல் மூடி, மாதக்கணக்கில் திறக்கவே கூடாது. ஃபிளைஷர் முறை என்று கண்ணாடி ஜாடியில் செய்வார்களே அதுவும், ஜிப் கவருக்குள் தொட்டியை வைத்து மூடுவதும் இந்த வகை. இன்னொன்று, கிருமி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டு, காற்றோட்டமாக வைத்து, அடியிலிருந்து தண்ணீர் கொடுத்து, மேல்பரப்பு அவ்வப்போது லேசாகக் காய விடுவது. இரண்டுமே வேலை செய்யும். பாதிக் கிணறு தாண்டுவதுதான் ஆபத்து. நாள் முழுக்க மூடிய ஈரம், அதில் தினமும் வெளிக்காற்றோடு புது வித்துகள் உள்ளே. கிருமி நீக்கிய கலவையில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே போட்டி போட வேறு எந்த நுண்ணுயிரும் இல்லை, முதலில் வந்து இறங்கியது எதுவோ அதற்கே தட்டு முழுக்க சொந்தம்.

கலவை பற்றி. பாதி கோகோபீட் என்பது கேக்டஸ் நாற்றுக்கு அதிகம், அது தண்ணீரை விடாது. கால் பங்குக்குள் வைத்துக்கொண்டு மீதியை பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்), பெர்லைட், தூசி போகக் கழுவிய கரடு மணல் என்று கனிமமாகப் போடுங்கள். தூசியைச் சலித்து எறிவது முக்கியம், ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பது எல்லாம் அடியில் போய்ச் சேறாக உட்கார்ந்துகொள்ளும். கோகோபீட்டை உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

கிருமி நீக்க, கலவையை ஈரமாக்கி, நடுப்பகுதி 80 டிகிரியைத் தொட்டபின் அரை மணி நேரம் வைத்திருந்தால் போதும். ஆவியில் வைக்கலாம், மைக்ரோவேவில் வைக்கலாம், காய்ந்த மண்ணைச் சுடுவதில் பிரயோஜனம் இல்லை, ஈரம்தான் சூட்டை உள்ளே கொண்டு போகும். நல்லதுதானே என்று நூறு டிகிரிக்கு மேல் மணிக்கணக்காக வறுத்தெடுத்தால் மக்கிய பொருள் சிதைந்து அம்மோனியமும் மாங்கனீசும் வேருக்கு நஞ்சாகும் அளவுக்கு வெளியே வரும். முழுக்கக் கனிமக் கலவை என்றால் அந்தக் கவலை இல்லை, குக்கரிலேயே போடலாம்.

விதையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழத்தின் சதை துளி ஒட்டியிருந்தாலும் அந்தச் சர்க்கரையில் பூசணம் கிளம்பும். ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டுத் தேய்த்துக் கழுவி, விதைக்கும் முன் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊற வையுங்கள். முளைத்த பிறகு நாற்றின் தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கும் விதைத் தோலையும் ஈரமாக இருக்கும்போது ட்வீசரால் கழற்றிவிடலாம், வராவிட்டால் விட்டுவிடுங்கள், இழுத்துக் காயம் செய்தால் அந்தக் காயமே வாசல் ஆகிவிடும்.

மூன்று இனத்தை ஒரே தட்டில் போடாதீர்கள் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. அஸ்ட்ரோஃபைட்டம் சில நாளில் எழுந்து காற்றுக்கு ஏங்கும், மாமில்லேரியாவில் தாமதக்காரர்கள் இன்னும் முளைத்துக்கொண்டே இருப்பார்கள், யாருக்காக மூடியைத் திறப்பீர்கள்? ஓர் இனத்துக்கு ஒரு சின்னத் தொட்டி, தொட்டிக்குத் தொட்டி இடைவெளி. ஒன்று போனால் அதோடு போகும்.


சிறுமுள்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவே மூலையை அள்ளிப் போட்டேன். இன்று காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன், இழை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் அள்ளிய குழியின் அடியில் கலவை சொதசொதவென்று இருந்தது, லேசான துர்நாற்றமும் அடித்தது. மேலே ஈரமாகத் தெரிந்ததற்கும் அடியில் இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை.

மாமில்லேரியா பக்கம் வாடியதை இழுத்தேன், எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது, வேர் என்று எதுவும் இல்லை. லென்ஸில் பார்த்தால் அடிப்பாகத்தில் ஊசி முனை அளவு ஓட்டை. இன்னொன்றை இழுத்தபோது அடியில் கண்ணாடி நிறத்தில் சின்னப் புழு ஒன்று நெளிந்தது, தலை மட்டும் பளபளவென்று கருப்பு. அப்படியென்றால் இரண்டு பக்கமும் வேறு வேறு காரணமா?


ஒட்டுப்பொறி:

வேறு வேறுதான், ஆனால் ஒன்றுக்கொன்று நன்றாகவே ஒத்துழைக்கின்றன. கருந்தலையும் கண்ணாடி உடம்பும் என்றால் ஃபங்கஸ் நாட் புழு, அந்தக் கருப்பு ஈயின் புழுதான், சந்தேகமே வேண்டாம். வழக்கமாக அது தின்பது மண்ணில் இருக்கும் பூஞ்சையும் மக்கும் பொருளும் பாசியும்தான், பெரிய செடியின் தொட்டியில் இருந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. நாற்றில் கதை வேறு. வேரே நூல் அளவு, தண்டே மென்சதை, புழு அடியில் துளைத்து உள்ளே ஏறி உள்சதையைக் காலி செய்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். மேலே இருந்து பார்க்கும்போது நாற்று சில நாள் நன்றாகவே இருப்பது போலத் தெரியும், அதனால்தான் திடீர் சாவு மாதிரி தோன்றுகிறது. போதாததற்கு நாற்றழுகல் கிருமிகளை உடம்பிலும் குடலிலும் சுமந்துகொண்டு தட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு எடுத்துப் போகும்.

ஈயைப் பிடிக்க மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள், ஆனால் அதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள், பொறி எத்தனை ஈ இருக்கிறது என்று காட்டும், புழுவைத் தொடாது. எத்தனை புழு இருக்கிறது என்று தெரிய ஒரு துண்டு உருளைக்கிழங்கை வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி மண்மேல் வைத்து ஒன்றிரண்டு நாள் கழித்துத் திருப்பிப் பாருங்கள், அடியில் வந்து கூடியிருக்கும். அதோடு அந்தத் துண்டை எறிந்தால் கொஞ்சம் குறையவும் செய்யும்.

புழுவுக்கு நேரடி மருந்து பிடிஐ என்ற பாக்டீரியா, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ், கொசுப் புழுவுக்குப் போடுவார்களே அதே வகைதான். வாங்கும்போது பெயர் முழுதாகப் பாருங்கள், காய்ப்புழுவுக்கு விற்கும் பேசில்லஸ் வேறு ரகம், அது இதற்கு உதவாது. தண்ணீரில் கலந்து அடியிலிருந்து உறிஞ்ச விடாமல் மேலிருந்து மெல்ல ஊற்றுங்கள், புழு இருப்பது மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டரில். முட்டையையும் கூட்டுப்புழுவையும் இது கொல்லாது. கதகதப்பில் முட்டை முதல் ஈ வரை மூன்று நான்கு வாரம் ஆகும், அதனால் வாரம் ஒருமுறை என்று அந்தச் சுற்று முடியும் வரை விடாமல் ஊற்ற வேண்டும், முதல் தடவையிலேயே ஈ குறையவில்லை என்று கைவிட்டால் பயனில்லை.

இன்னொரு விஷயம், அந்தப் பச்சைப் படலம். அதுவே நாற்றைக் கொல்லாது, ஆனால் ஈ முட்டையிடத் தோதான இடம் அது, தடித்தால் குட்டி நாற்றுகளை மூடி நெரித்தும்விடும். காய விட்டால் ஓடாக உரிந்து வரும். அதன் பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கல் துகளை நாற்றுகளுக்கு நடுவே ஒரு வரிசை பரப்புங்கள். பாசிக்கு வெளிச்சம் கிடைக்காது, ஈக்கு ஈர மண் கிடைக்காது, நாற்றின் கழுத்து தண்ணீரில் நிற்காது, சாயும் நாற்றுக்கு முட்டும் கிடைக்கும்.


சிறுமுள்:

பிடிஐ தேடி எடுத்துவிடுகிறேன். சந்தேகம், மூடியை இப்போது முழுக்கவே எடுத்துவிடவா? அப்புறம் டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சை) வாங்கி வைத்திருக்கிறேன், அதையும் போடலாமா?


மண்சட்டி:

மூடியை ஒரேயடியாக எடுக்காதீர்கள். நாற்றழுகலில் தப்பியவை மூடி திறந்த வாரத்தில் காய்ந்து போவது சர்வ சாதாரணம், அதையும் நோய் என்று நினைத்து மறுபடி தண்ணீர் ஊற்றுவார்கள், அப்போது நிஜமாகவே அழுகும். மூடியின் கீழ் வளர்ந்த வேர் ஆழமாகப் போயிருக்காது, தோலும் மெல்லியது. இன்று ஒரு குச்சி அளவு இடைவெளி, சில நாள் கழித்து இரண்டு, அப்படியே ஒன்றிரண்டு வாரம் இழுத்துக்கொண்டு போய் எடுங்கள். முள் நன்றாகத் தெரிய ஆரம்பித்தவை தாங்கும், இன்னும் வெறும் பச்சை உருண்டையாக இருப்பவைக்கு அவகாசம் கொடுங்கள்.

இந்தச் சமயத்தில் நாற்று செம்பழுப்பாக மாறினால் வெளிச்சம் அதிகம் அல்லது தாகம், விளக்கை கொஞ்சம் உயர்த்துங்கள். வெளிறி நீண்டு ஒல்லியாக எழும்பினால் வெளிச்சம் போதவில்லை, அப்படி எழும்பிய தண்டுதான் முதலில் மடிந்து அழுகும்.

தண்ணீர் இனி அடியிலிருந்து. வேறொரு தட்டில் ஒரு விரல்கடை தண்ணீர் வைத்து அதில் தொட்டியை வைத்து, மேல்பரப்பு நிறம் மாறியதும் தூக்கிவிட வேண்டும், மணிக்கணக்காக நிற்க விடக்கூடாது. அடுத்த தண்ணீர் எப்போது என்பதைத் தொட்டியைக் கையில் தூக்கி எடை பார்த்து முடிவு செய்யுங்கள், அடியில் சொதசொத என்று இருந்தது என்று நீங்களே சொன்னீர்கள் அல்லவா, மேல்பரப்பைப் பார்த்தால் அது தெரியாது. அதற்காக எலும்பாகக் காய விடவும் கூடாது. முதல் வருட நாற்றைப் பெரிய கேக்டஸ் மாதிரி மாதக்கணக்கில் பட்டினி போட்டால் உறிஞ்சு வேர் எல்லாம் செத்துவிடும், பிறகு ஒரு நாள் பாசமாக முழுக்க நனைக்கும்போது குடிக்க வேர் இல்லாமல் அழுகும். குளிர்காலம் முடிந்து முதல் தண்ணீரில் நாற்றுகள் கூட்டமாகப் போவதற்குக் காரணம் இதுதான்.


வடிகால்:

டிரைக்கோடெர்மா நல்லதுதான், ஆனால் அது காவல்காரர், வைத்தியர் இல்லை. ஏற்கனவே அழுகிய நாற்றை மீட்காது. விதைக்கும் முன்போ, கலவை ஆறிய பிறகோ போட்டால் காலி இடத்தை அது பிடித்துக்கொள்ளும். உங்கள் தட்டில் கார்பென்டசிம் இருக்கிறது, அது டிரைக்கோடெர்மாவையே கொன்றுவிடும், இப்போது போட்டால் வீண். அடுத்த விதைப்புக்கு வையுங்கள், பொட்டலத்தில் தேதி பாருங்கள், உயிருள்ள பொருள். முழுக்க மூடும் ஜாடி முறையில் இதைப் போட வேண்டாம், அங்கே எதுவுமே வளரக்கூடாது.

இலவங்கப்பட்டைத்தூள் தூவலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள் என்று தெரியும். வெட்டிய காயத்தைக் காய வைக்கக் கொஞ்சம் உதவும், பரவிக்கொண்டிருக்கும் பித்தியத்தை அதை வைத்து நிறுத்த முடியாது.


அடிக்கட்டை:

தாமதமாக வருகிறேன். அடி அழுகி மேல் பாதி பச்சையாக இருக்கிறது என்றீர்களே, அதை ஏன் எறிய வேண்டும்? அஸ்ட்ரோஃபைட்டம் நாற்று ஒட்டுக்கு அருமையாகப் பிடிக்கும். பெரெஸ்கியோப்சிஸ் (நாற்றை ஒட்ட அடிக்கட்டையாகப் பயன்படுத்தும் கேக்டஸ்) கையில் இருந்தால் இன்றே செய்யுங்கள், நாளைக்கு இருக்காது.

புது பிளேடு, ஸ்பிரிட்டில் துடைத்தது. அழுகலுக்கு நன்றாக மேலே ஒரே இழுப்பில் வெட்டுங்கள். வெட்டிய முகத்தை லென்ஸில் பாருங்கள், நடுவில் இருக்கும் சின்ன வளையத்தில் பழுப்போ ஆரஞ்சோ ஒரு புள்ளி தெரிந்தாலும் பிளேடைத் துடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் மேலே வெட்டுங்கள், நிறமே இல்லாமல் சுத்தமாக வரும் வரை. வளையத்தில் கறை இருக்கும்போதே ஒட்டினால் அடிக்கட்டையும் சேர்ந்து போகும். பெரெஸ்கியோப்சிஸின் நுனியைக் கிள்ளாமல் வெட்டி, சாறு காயும் முன் நாற்றை அதன் மேல் வைத்து விரலால் லேசாக அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். இந்த அளவு நாற்றுக்கு நூல் கட்ட வேண்டியதில்லை, சாறே பிடித்துக்கொள்ளும். நடு வளையங்கள் இரண்டும் எங்காவது ஓர் இடத்திலாவது தொட வேண்டும், நட்டநடுவில் வைத்தால் இரண்டு வளையமும் ஒன்றுக்குள் ஒன்று போய்த் தொடாமலே போகலாம், கொஞ்சம் ஓரமாகத் தள்ளி வைப்பது பாதுகாப்பு. அதன்மேல் ஒரு கவர் கவிழ்த்து வெளிச்சமான நிழலில் ஒரு வாரம் வையுங்கள். பளபளப்பு திரும்பி லேசாக ஊதத் தொடங்கினால் பிடித்துவிட்டது.

எல்லாவற்றையும் ஒட்ட உட்காராதீர்கள், வேறு எங்கும் கிடைக்காத விதை என்றால் மட்டும் இந்த மெனக்கெடல். மீதிக்கு மறுபடி விதைப்பதே சுலபம்.


சிறுமுள்:

அடிக்கட்டை அண்ணா, பச்சை மாறாமல் இருந்தவற்றை ஒட்டி வைத்திருக்கிறேன், பார்க்கலாம். கல் துகள் பரப்பியாகிவிட்டது, மூடி ஒரு பென்சில் இடைவெளியில் நிற்கிறது, மூலையில் புதிதாக எதுவும் சாயவில்லை. அடுத்த விதைப்புக்கு இதே தட்டையும் அள்ளிய கலவையையும் கழுவிப் பயன்படுத்தலாமா, இல்லை எல்லாம் குப்பைதானா?


வடிகால்:

கலவை குப்பைக்கு. சுட்டு மறுபடி பயன்படுத்தலாம் என்று சொல்பவர்கள் உண்டு, ஒரு கைப்பிடி பெர்லைட்டுக்காக அந்த வம்பு எதற்கு. பெரிய செடிகளின் தொட்டியிலும் கொட்டாதீர்கள், புழு அங்கே குடியேறித் திரும்பி வரும். தட்டையும் மூடியையும் முதலில் சோப்புப் போட்டு மண் துளி இல்லாமல் தேய்த்துவிட்டு, ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அதில் பத்து நிமிடம் மூழ்க வைத்து, அலசி வெயிலில் காய வையுங்கள். மண் ஒட்டிய தட்டில் பிளீச் ஊற்றினால் அதன் வேகம் எல்லாம் மண்ணிலேயே தீர்ந்துவிடும், தேய்ப்பதுதான் முக்கால்வாசி வேலை. ஸ்ப்ரேயர் பாட்டிலையும் அதன் குழாயையும் மறக்காதீர்கள், மாதக்கணக்கில் தண்ணீர் நின்ற குழாய்க்குள் வழவழவென்று ஒரு படலம் இருக்கும். பெயர் எழுதிச் செருகிய குச்சிகள் பிளாஸ்டிக் என்றால் அதே பிளீச் தண்ணீரில் போடுங்கள், மரம் என்றால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது எடுத்துக்கொள்ளுங்கள்.